ரோடு சைக்கிள் வாங்கும்போது பிரேக்கை முதலில் முடிவு செய்யுங்கள், கியரை அப்புறம் பார்க்கலாம்

ரோடு சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு சைக்கிள் அமைகிறது. ஒன்றில் ரிம் பிரேக் (சக்கர வளையத்தைப் பிடிப்பது), ஆனால் பின்னால் பதினோரு பல்சக்கரம், நல்ல ஷிஃப்டர் (கியர் மாற்றும் கருவி), எடையும் குறைவு. இன்னொன்றில் டிஸ்க் பிரேக் (சக்கரத்தின் நடுவிலுள்ள தகட்டைப் பிடிப்பது), ஆனால் பின்னால் எட்டோ ஒன்பதோதான், சைக்கிளும் கொஞ்சம் கனம். விற்பவர் டிஸ்க் என்கிறார். பல வருடமாக ஓட்டும் நண்பர் ரிம் போதும் என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் குழப்பம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்கையும் கியரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது. பிரேக் ஃபிரேமோடு சேர்ந்தது. ரிம் பிரேக் ஃபிரேமில் டிஸ்க் காலிப்பரை (பிரேக்கின் கவ்வும் பகுதி) பொருத்த இடமே கிடையாது. டிஸ்க் ஃபிரேமில் ரிம் காலிப்பருக்குத் துளை இருக்காது. சக்கரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கியர் அப்படியில்லை. கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுதி) மாற்றலாம், முன் பல்சக்கரத்தை மாற்றலாம், பணம் சேர்ந்தபின் ஷிஃப்டரையும் மாற்றலாம். ஆகவே முதலில் பிரேக்கை முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகு கியருக்கு வாருங்கள். அங்கேயும் எண்ணிக்கையைப் பார்க்குமுன் மிக லேசான கியர் எது என்று பாருங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பாதை. காய்ந்த சமதளச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கும், மழையோடு மழையாக ஓட்டி மலை இறங்குகிறவருக்கும் பிரேக்கிடமிருந்து தேவைப்படுவது வேறு வேறு.

அடுத்தது பழுதுபார்ப்பு. கேபிள் மாற்றத் தெரிந்தவர் எங்கும் கிடைப்பார். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் மாற்றிக் காற்றை வெளியேற்றத் தெரிந்தவர் எங்கும் கிடைக்க மாட்டார். நீங்களே கற்றுக்கொண்டு செய்வீர்களா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்றாவது டயரின் அகலம். மேடுபள்ளமான சாலைக்கு 30, 32 மி.மீ. டயர் தரும் சுகத்தை வேறு எதுவும் தராது. அது ஃபிரேமுக்குள் நுழையுமா என்பதைப் பெருமளவு பிரேக்தான் தீர்மானிக்கிறது.

நான்காவது உங்கள் கை. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் சிறிய கை உள்ளவர்களுக்கும், விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். நீண்ட இறக்கத்தில் லீவரை இறுக்கிப் பிடித்துக் கை மரத்துப்போனால், காலிப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அப்புறம் தேய்மானச் செலவும், பிற்பாடு மாற்ற முடியுமா என்பதும்.

எடையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரே தரத்தில் ரிம், டிஸ்க் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் அரை கிலோ. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் இது நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. செங்குத்தான மலையில் ஒரு மணி நேரம் விடாமல் ஏறினால் 20 விநாடி சொச்சம் மிச்சமாகும். பந்தயம் ஓட்டாதவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

## ரிம் பிரேக்

இரண்டு பிரேக் கட்டைகள் ரிம்மை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கின்றன, அவ்வளவுதான் அமைப்பு. எல்லாம் கண்முன் இருக்கிறது. கட்டை தேய்ந்துவிட்டதா, கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரியும். ஒன்றிரண்டு அல்லன் சாவி இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்யலாம். சைக்கிளைப் பிரித்து ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகிறவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது, வேறு எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

“ரிம் பிரேக் சரியாகப் பிடிக்காது” என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. காய்ந்த சாலை, அலுமினிய ரிம், நல்ல கட்டை, இரட்டை அச்சுக் காலிப்பர் என்று அமைந்துவிட்டால் பின்சக்கரத்தைச் சுலபமாகப் பூட்டிவிடும். முன்பக்கம் எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு எல்லை வேறு: ஒரு அளவுக்கு மேல் அழுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அந்த எல்லையை ரிம், டிஸ்க் இரண்டுமே எட்டும் என்பதால் காய்ந்த சாலையில் நிற்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் மழையில் தெரியும். ரிம் நனைந்திருக்கும்போது கட்டை முதலில் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும், அதன் பிறகுதான் பிடிக்கும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். பிடி விழ ஒரு விநாடி தாமதமானாலே முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இருந்த இடைவெளி காணாமல் போகலாம்.

இன்னொரு இடம் நீண்ட இறக்கம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 4,17,000 ஜூல். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதி ரிம்மில் சூடாக இறங்குகிறது, ரிம்மின் மறுபக்கத்தில் டியூப் இருக்கிறது. பயந்து பயந்து பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டியூப் வெடிக்கும் வாய்ப்புண்டு. கார்பன் ரிம் என்றால் கவலை இன்னும் அதிகம், ஏனென்றால் கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசின் சூட்டில் இளகும். ரிம் பிரேக்கோடு கார்பன் சக்கரம் எடுப்பவர்கள் அந்தச் சக்கரத்துக்கென்று சொல்லப்பட்ட கட்டையைத்தான் போட வேண்டும்.

வாங்கும்போது கண்ணில் படாத செலவு ரிம்மின் தேய்மானம். கட்டை தேயும்போது ரிம்மும் கூடவே தேய்கிறது. மழையில் மணலும் சேர்ந்துகொண்டால் வேகமாகவே தேயும். பல ரிம்களில் சிறு குழியோ கோடோ தேய்மானக் குறியாக இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்முக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள். ரிம்மை மட்டும் மாற்றினாலும் ஸ்போக்ஸ் கம்பி எல்லாவற்றையும் பிரித்துக் கட்டி, கோட்டம் எடுத்து, ஒரு சக்கரத்தை முழுக்கப் புதிதாகச் செய்யும் வேலை அது.

எதிர்காலம் எப்படி? சர்வதேச சைக்கிள் அமைப்பான யூசிஐ சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை 2018 ஜூலையில் முழுமையாக அனுமதித்தது. அடுத்த வருடம், 2019 டூர் டி பிரான்ஸை ஈகன் பெர்னால் ரிம் பிரேக் சைக்கிளில்தான் வென்றார். அதற்குப் பிறகு காற்று திசை மாறிவிட்டது. உயர்ரகப் புது ஃபிரேம்கள் பெரும்பாலும் டிஸ்க்குக்கு மட்டுமே வருகின்றன. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 105 என்ற வரிசையில், கேபிளால் கியர் மாற்றும் 12 கியர் லீவர்கள் ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு மட்டும்தான். எனவே ரிம் பிரேக் எடுப்பவர் சில வருடம் கழித்து நல்ல சக்கரம் தேடும்போது தெரிவு குறைவாக இருக்கும். கட்டைக்கும் கேபிளுக்கும் பஞ்சம் வராது. அவை சாதாரணச் சைக்கிள்களுக்கும் வேண்டியவை.

டயரில் ஒரு எச்சரிக்கை. வழக்கமான ரோடு காலிப்பருக்குள் 25 மி.மீ. தாராளமாகப் போகும், 28 சில ஃபிரேம்களில் போகும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

## கேபிள் டிஸ்க்

டிஸ்க் என்று எழுதியிருந்தாலே ஹைட்ராலிக் என்று நினைத்துவிடக் கூடாது. ஆரம்ப விலைச் சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் கேபிள் டிஸ்க். அதிலும் இரண்டு வகை. ஒரு பக்கப் பேட் (உராயும் கட்டை) மட்டும் நகர்ந்து, சக்கரத்தோடு சுழலும் ரோட்டார் தகட்டை வளைத்து எதிர்ப்பக்கப் பேடில் அழுத்துவது ஒன்று. இரண்டு பேடும் நகர்ந்து நடுவில் பிடிப்பது மற்றொன்று. டிஆர்பி நிறுவனத்தின் ஸ்பையர் காலிப்பர் இந்த வகை.

ஒரு பக்கம் மட்டும் நகரும் மலிவான காலிப்பர் காய்ந்த சாலையில் நல்ல ரிம் பிரேக்குக்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். லீவரை அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போகும். பேட் தேயத் தேய நாம்தான் திருகி நெருக்கி வைக்க வேண்டும், தானாக நெருங்காது. மறந்தால் ஒருநாள் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும்.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. மழையில் ரோட்டார் ரிம்மைவிடச் சீக்கிரம் பிடிக்கும். ரிம் தேயாது. சக்கரத்தில் கோட்டம் விழுந்தாலும் பிரேக் உரசாது. அகலமான டயர் போடலாம். கேபிளின் வெளி உறையை அமுங்காத வகைக்கு மாற்றினால் அந்தப் பஞ்சுத்தன்மை பாதி போய்விடும். குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இதுதான், எந்தக் கேபிள் டிஸ்க் சைக்கிளிலும் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

பிறகு ஹைட்ராலிக்குக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோடு சைக்கிளில் பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே உறுப்பு. ஹைட்ராலிக் வேண்டுமென்றால் லீவர் இரண்டையும் மாற்ற வேண்டும். ஷிமானோவின் கிளாரிஸ், சோரா வரிசைகளில் ஹைட்ராலிக் லீவர் கிடையாது. அந்த ஏணியில் டியாக்ராவில்தான் அது தொடங்குகிறது. டியாக்ராவுக்குப் போனால் பின் டீரெயிலர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி), கேசட், செயின் எல்லாம் கூடவே மாறும். ஒரு பிரேக்குக்காகத் தொடங்கிய செலவு முழுச் செட்டில் போய் நிற்கும். நடுவழியாக, கேபிளால் இழுக்கப்பட்டுக் காலிப்பருக்குள் மட்டும் எண்ணெயில் இயங்கும் வகை உண்டு. லீவரை மாற்றாமல் பொருத்தலாம் என்பதால் அது நல்ல சமரசம்.

## ஹைட்ராலிக் டிஸ்க்

முதன்முதலில் ஓட்டும்போது மனதில் நிற்பது அது எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதைவிட, எவ்வளவு லேசாகப் பிடிக்கலாம் என்பதுதான். ஹேண்டில்பாரின் மேல் கொம்பில் கையை வைத்தபடி ஒரு விரலால் சைக்கிளை நிறுத்தலாம். வேண்டிய அளவு மட்டும் அழுத்த முடிகிறது. சிறிய கை உள்ளவர்கள் லீவரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ளலாம். மழையிலும் இறக்கத்திலும் இதன் அமைதி வேறு எதற்கும் இல்லை. பேட் தேயும்போது பிஸ்டன் தானே முன்னால் நகர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். மலை இறங்கும் பழக்கமோ மழையில் ஓட்டும் கட்டாயமோ உள்ளவர், பணம் இடம் கொடுத்தால், வேறு யோசனையே செய்ய வேண்டாம்.

ஆனால் பராமரிப்பு வேறு விதமானது. ஷிமானோ கனிம எண்ணெய் பயன்படுத்துகிறது, இன்னொரு நிறுவனமான ஸ்ராமின் ரோடு பிரேக்குகளில் பெரும்பாலும் டாட் எனப்படும் பிரேக் திரவம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் காலத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். பேடிலோ ரோட்டாரிலோ செயின் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் பிடிமானம் போய், பிரேக் அலறத் தொடங்கும். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் மாற்றுவதே வழி. டிஸ்க் சைக்கிள் வைத்திருப்பவர் ஸ்ப்ரே வகை எண்ணெயைச் செயின் பக்கம் கொண்டுபோகவே கூடாது, சொட்டு எண்ணெய்தான் சரி.

சக்கரம் கழற்றியிருக்கும்போது தெரியாமல் லீவரை அழுத்தினால் பேட்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ரோட்டார் உள்ளே நுழையாது. பயணத்தில் பேட்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தகடு செருகி வைக்க வேண்டும். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வெளியிலிருந்து சரியாகத் தெரியாது. ஷிமானோ கணக்குப்படி உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டால் பேடை மாற்ற வேண்டும். புதிதாக 1.8 மி.மீ. இருக்கும் ரோட்டார் 1.5 மி.மீ. ஆகிவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். புது பேட் போட்டதும் ஆளில்லாத இடத்தில் ஓரளவு வேகமெடுத்து, நிற்காமல் மெதுவாக்கி, மறுபடி வேகமெடுத்து என்று பல முறை செய்து பேடைப் பதப்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் “டிஸ்க் பிடிக்கவே இல்லை” என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

எல்லாவற்றிலும் பெரிய மறைமுகச் செலவை இப்போதைய ஃபிரேம்கள் கொண்டுவந்திருக்கின்றன. பிரேக் குழாய்கள் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்கின் நடுவே புகுந்து ஃபிரேமுக்குள் போகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பேரிங் தேய்ந்தால் பல சைக்கிள்களில் குழாயைக் கழற்றி, சில சமயம் வெட்டி, மறுபடி இணைத்து, எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சாதாரணமாக அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிறது. பந்தயம் ஓட்டாதவர்களுக்கு, குழாய் வெளியே ஓடி ஃபிரேமின் கீழ்க்குழாயில் நுழையும் சைக்கிளே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

| அளவுகோல் | ரிம் | கேபிள் டிஸ்க் | ஹைட்ராலிக் டிஸ்க் |
|---|---|---|---|
| காய்ந்த சாலை | நன்று | சுமார் முதல் நன்று வரை | மிக நன்று |
| மழை | தாமதமாகப் பிடிக்கும் | நன்று | மிக நன்று |
| நீண்ட இறக்கம் | ரிம் சூடாகும், கை சோரும் | கை சோரும் | அமைதி |
| சாலையோரப் பழுது | மிக எளிது | எளிது | கடினம் |
| டயர் | பெரும்பாலும் 28 மி.மீ. வரை | 32 மி.மீ., சிலவற்றில் அதற்கு மேலும் | 32 மி.மீ., சிலவற்றில் அதற்கு மேலும் |
| எது தேயும் | கட்டை, ரிம் | பேட், ரோட்டார் | பேட், ரோட்டார், எண்ணெய் |
| மறைமுகச் செலவு | புது ரிம், சக்கரக் கட்டுமானம் | ஹைட்ராலிக்குக்கு மாறும்போது முழுச் செட் | உள்குழாய் வேலை, எண்ணெய் மாற்றும் கருவி |

## கியர்: எண்ணிக்கைக்கு முன் விகிதம்

முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் கியர் விகிதம். முன்னால் 34, பின்னால் 34 என்றால் விகிதம் 1. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர்.

இதை மலையில் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 முறை மிதிக்கிறீர்கள். அதற்குக் கீழே போனால் முழங்காலுக்குக் கஷ்டம். 8 சதவீத ஏற்றம், மொத்த எடை 85 கிலோ. முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் வேகம் மணிக்கு 7.5 கி.மீ., புவியீர்ப்பை வெல்ல மட்டும் வேண்டிய சக்தி சுமார் 140 வாட். பின்னால் பெரியது 28தான் என்றால் 9.2 கி.மீ., 170 வாட். முன்னால் 39, பின்னால் 28 உள்ள பழைய பாணிச் சைக்கிளில் 10.5 கி.மீ., 195 வாட். கடைசி எண்ணை ஒரு மணி நேரம் தாங்குவது புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு முடியாத காரியம். அவர்கள் மிதிவேகத்தைக் குறைத்து, எழுந்து நின்று மிதித்து, முழங்காலை நோகடித்துக்கொள்வார்கள்.

கிளாரிஸ் போன்ற எட்டு கியர் சைக்கிளில் 11-32 கேசட் (சிறியது 11 பல், பெரியது 32 பல்) இருந்து முன்னால் 34 இருந்தால், 11-28 கேசட் போட்ட பதினோரு கியர் சைக்கிளைவிட அது சுலபமாக மலை ஏறும். எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். விவரப் பட்டியலில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: முன்னால் மிகச் சிறியது, பின்னால் மிகப் பெரியது.

அப்படியானால் கூடுதல் பல்சக்கரங்கள் எதற்கு? இடைவெளியைக் குறைக்க. எட்டு கியர் 11-32 கேசட்டில் 18 பல்லுக்கு அடுத்தது 15. அதே வேகத்தில் 18-லிருந்து 15-க்கு மாறினால், நிமிடத்துக்கு 90 ஆக இருந்த மிதிவேகம் 75-க்கு விழும். பதினோரு கியர் 11-28 கேசட்டில் 17-லிருந்து 15-க்குப் போகலாம், விழுவது 79 வரைதான். 15-லிருந்து 14-க்குப் போனால் 84. தனியாக ஓட்டும்போது இந்த வித்தியாசம் பழகிவிடும். கூட்டமாக ஒரே வேகத்தில் போகும்போதும், எதிர்காற்றில் நெடுநேரம் மிதிக்கும்போதும் கால் இதை உணரும். குழுவோடு ஓட்டுபவருக்குப் பத்து, பதினொன்று உண்மையிலேயே பயன்படும். தனியாக வேலைக்குப் போய்வருபவருக்கு எட்டு, ஒன்பதே தாராளம்.

மாற்றும் வசதியைப் பார்ப்போம். ஷிமானோ வகையில் 8, 9, 10 கியர் கேசட்டுகள் ஒரே ஃப்ரீஹப் உடலில் (பின்சக்கரத்தில் கேசட் மாட்டும் பகுதி) ஏறும். பதினோரு கியர் ரோடு கேசட்டுக்கு 1.85 மி.மீ. நீளமான உடல் வேண்டும், அதாவது பழைய சக்கரம் பொருந்தாமல் போகலாம். விதிவிலக்காக ஷிமானோவின் பதினோரு கியர் 11-34 கேசட் பழைய உடலிலேயே ஏறும், மலை ஏறுபவர்களுக்கு இது நல்ல செய்தி. செயினும் கேசட்டும் கியர் கூடக் கூட மெலிகின்றன, விலை ஏறுகிறது. எட்டு முதல் பத்து கியர் வரை செயின் 0.75 சதவீதம் நீளும்வரை ஓட்டலாம். பதினொன்று, பன்னிரண்டில் 0.5 சதவீதத்திலேயே மாற்றிவிடுவது நல்லது, இல்லையென்றால் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

விலை குறைந்த சில சைக்கிள்களில் ஷிஃப்டர் ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் தண்டு) மேலோ ஹேண்டில்பாரின் நடுவிலோ தனியாக இருக்கும். கியர் மாற்ற ஒரு கையை எடுக்க வேண்டும், அந்த நேரம் ஒரு பிரேக் கைக்கு எட்டாது. அவற்றில் பின்சக்கரமும் பெரும்பாலும் கேசட் இல்லாத, திருகி மாட்டும் ஏழு கியர் ஃப்ரீவீலாக இருக்கும். அச்சு வளைவது அந்த அமைப்பில் சகஜம். பிரேக்கும் கியரும் சேர்ந்த லீவர் உள்ள சைக்கிள் எட்டாத விலையில் இருந்தால், இன்னும் சில மாதம் பணம் சேர்த்து அதையே வாங்கச் சொல்வேன்.

## முன்னால் ஒன்றா, இரண்டா

முன்னால் 40 பல்லில் ஒரே சக்கரம், பின்னால் 11-42. இதில் மிக லேசான கியர் 0.95, மலைக்குப் போதும். நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் உச்ச வேகம் மணிக்கு 41 கி.மீ.; இறக்கத்தில் அதற்கு மேல் போக இன்னும் வேகமாக மிதிக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா உருள வேண்டியதுதான். முன்னால் 50, 34 என்று இரண்டு சக்கரம், பின்னால் 11-34 இருந்தால் அதே மிதிவேகத்தில் 51 கி.மீ. வரை போகலாம், கீழே 1 வரை இறங்கலாம். ஒற்றைச் சக்கரத்தில் முன் டீரெயிலர் கிடையாது, செயின் கழல்வது குறைவு, யோசிக்க வேண்டியதும் குறைவு. ஆனால் பின்னால் 28, 32, 36, 42 என்று தாவும். கரடுமுரடான பாதையில் தனியாக ஓட்டுபவருக்கு இது நன்றாகப் பொருந்தும். சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இரண்டே சிறந்தது.

## கேபிளா, பேட்டரியா

ஷிமானோ 2009-ல் டியூரா ஏஸ் வரிசையில் டிஐ2 என்ற மின்னணு ஷிஃப்டரைக் கொண்டுவந்தது. 2022-ல் அது 105 வரைக்கும் இறங்கியது. பொத்தானைத் தொட்டால் கியர் மாறும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மாறும். கேபிள் இல்லை என்பதால் நீள்வதும் துருப்பிடிப்பதும் இல்லை. விரலில் பலம் குறைந்தவர்களுக்கு இது பெரிய வரம். 12 கியர் டிஐ2 ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 1,000 கி.மீ. ஓடும். லீவர்களில் தனியாக நாணய வடிவப் பேட்டரி உண்டு, அதையும் மறக்கக் கூடாது. ஸ்ராம் முறையில் ஒவ்வொரு டீரெயிலரிலும் கழற்றி மாட்டும் பேட்டரி இருக்கும். பின்னது தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் போட்டு வீடு சேரலாம்.

விழுந்து பின் டீரெயிலர் உடைந்தால் செலவு பல மடங்கு. நெடும்பயணத்தில் பழுதானால் கேபிள் போல ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது. இந்த இரண்டையும் தாங்க முடிந்தால் எடுக்கலாம். ஆனால் இதற்கான பணத்தை ஹைட்ராலிக் பிரேக்கிலிருந்தோ நல்ல சக்கரத்திலிருந்தோ பிடுங்கிக்கொடுக்கக் கூடாது.

கேபிள் ஷிஃப்டரிலும் ஒரு மறைமுகத் தொல்லை உண்டு. லீவருக்குள் கேபிள் கூர்மையாக வளையும் இடத்தில் இழை இழையாக அறும், வெளியில் தெரியாது. நன்றாக இருந்த கியர் திடீரெனத் தடுமாறத் தொடங்கினால் திருகிச் சரிசெய்யுமுன் லீவருக்குள் கேபிளைப் பாருங்கள். உள்ளேயே அறுந்து சிக்கிக்கொண்டால் துண்டுகளை எடுப்பது பெரும்பாடு. வருடத்துக்கு ஒரு முறை கேபிள் மாற்றிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

## அந்த இரண்டு சைக்கிளில் எது

தொடக்கத்தில் சொன்ன இரண்டு சைக்கிளுக்கு வருவோம். நல்ல காலிப்பரும் பதினோரு கியரும் உள்ள ரிம் பிரேக் சைக்கிளோடு போட்டியிடுவது ஒரு பக்கம் மட்டும் நகரும் கேபிள் டிஸ்க் என்றால், காய்ந்த சாலையில் 28 மி.மீ. டயரோடு திருப்தியடைபவர் ரிம்மையே எடுக்கலாம். ஓட்டும் சுகம் அதில்தான் அதிகம். தொலைதூரம் போய், வழியில் தானே பழுது பார்த்துக்கொள்பவருக்கும் இதே பதில்.

மழையிலும் தினமும் ஓட்டியாக வேண்டும், சாலை மோசம், 32 மி.மீ. டயர் வேண்டும் என்றால் எட்டு கியராக இருந்தாலும் டிஸ்க் ஃபிரேம்தான். முதல் வேலையாக அமுங்காத உறை போடுங்கள். அடுத்த வருடம் காலிப்பரை மாற்றலாம். கியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலைப்பகுதியில் இருப்பவர், எடை அதிகம் உள்ளவர், கை சிறியவர், இந்த மூன்று பேருக்கும் இரண்டு சைக்கிளையும் விட்டுவிட்டு டியாக்ரா தரத்தில் ஹைட்ராலிக் உள்ள மூன்றாவது ஒன்றைத் தேடச் சொல்வேன். பத்து கியர்தான் என்று குறைபட வேண்டாம்.

## பழைய சைக்கிள் எடுப்பவர்களுக்கு

ரிம் பிரேக் என்றால் நேரான ஸ்கேலை ரிம்மின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் புது ரிம் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். டிஸ்க் என்றால் ரோட்டாரின் தடிமனை அளவிடுங்கள். ஹைட்ராலிக் லீவரை அழுத்திப் பிடித்தபடி மெல்ல எண்ணுங்கள். லீவர் தொடர்ந்து உள்ளே இறங்கிக்கொண்டே போனால் காற்று புகுந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. முன் பிரேக்கை இறுக்கிச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். குழாய்கள் அதன் வழியே ஓடும் சைக்கிளாக இருந்தால் அந்தச் சிறு ஆட்டத்தையும் பேரத்தில் சேருங்கள்.

முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும், பழக்கத்துக்கு எதிராக இருந்தால் அவசரத்தில் தவறான சக்கரத்தைப் பூட்டிவிடுவோம். ரிம்மிலும் கேபிள் டிஸ்க்கிலும் கேபிளை இடம் மாற்றினால் போதும். ஹைட்ராலிக்கில், அதுவும் குழாய் உள்ளே ஓடும் ஃபிரேமில், இரண்டு குழாயையும் பிரித்து எண்ணெய் நிரப்ப வேண்டியிருக்கும். பணம் கொடுக்குமுன் விற்பவரிடமே மாற்றித்தரச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.